இந்தியாவில் காடு 'வளர்ந்தது' எங்கே? 1,445 சதுர கி.மீ. கணக்கைப் பிரித்துப் பார்ப்போம்

இந்தியாவின் நிலப்பரப்பில் 25.17 சதவீதத்தைக் காடுகளும் மரங்களும் மூடியிருக்கின்றன. 2024 டிசம்பர் 21 அன்று டேராடூனில் வெளியான 'இந்திய வன நிலை அறிக்கை 2023' சொன்ன இந்த எண்ணை நீங்களும் எங்கேயாவது படித்திருப்பீர்கள். 2021 அறிக்கையோடு ஒப்பிட்டால் கூடியிருப்பது 1,445 சதுர கி.மீ. கிட்டத்தட்ட டெல்லியின் மொத்தப் பரப்பளவு.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் 'எவ்வளவு' என்பதோடு நிறுத்தாமல், 'எங்கே' என்று கேட்டால் கதை கொஞ்சம் மாறுகிறது.

எண்ணைப் பிரித்தால் என்ன தெரிகிறது?

* மொத்த அதிகரிப்பு: 1,445 சதுர கி.மீ.
* இதில் 'வனப் பரப்பு' அதிகரிப்பு: 156 சதுர கி.மீ.
* 'மரப் பரப்பு', அதாவது வயல் வரப்பு, சாலையோரம், சிறு தோப்பு போன்ற இடங்களில் உள்ள மரங்களின் அதிகரிப்பு: 1,289 சதுர கி.மீ.

ஆக, கூடியதில் 100-க்கு 89 பங்கு வனப் பரப்பே இல்லை. மீதமுள்ள 156-லும் ஒரு விஷயம் இருக்கு. அதில் 149 சதுர கி.மீ. வனப் பதிவேட்டுக்கு வெளியே உள்ள நிலத்தில் கூடியது. பதிவான வனப்பகுதிக்குள் கூடிய நிகரப் பரப்பு 7.28 சதுர கி.மீ. மட்டுமே.

அதே இரண்டு ஆண்டுகளில் வடகிழக்கு மாநிலங்களில் வனப் பரப்பு 327 சதுர கி.மீ. குறைந்திருக்கிறது.

எது காடு? யார் முடிவு செய்கிறார்கள்?

டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் 1987 முதல் இந்த அறிக்கையை வெளியிட்டு வருகிறது. அவர்களின் வரையறை இதுதான்: ஒரு ஹெக்டேர் (சுமார் இரண்டரை ஏக்கர்) அல்லது அதற்கு மேற்பட்ட நிலம். மேலிருந்து பார்த்தால் அதில் 10 சதவீதமாவது மரங்களின் கிளையும் இலையும் மூடியிருக்க வேண்டும். அவ்வளவுதான். நிலம் யாருடையது, என்ன மரம், நட்டதா தானாக முளைத்ததா என்பதெல்லாம் கணக்கில் வராது. மாந்தோப்பு, தென்னந்தோப்பு, மூங்கில், யூகலிப்டஸ் தோட்டம் எல்லாமே இந்தக் கணக்கில் 'வனப் பரப்பு'.

இதில் மோசடி எதுவும் இல்லை. வரையறையை அறிக்கையே வெளிப்படையாகச் சொல்கிறது. ஆனால் ஓரிடத்தில் நூறாண்டுக் காடு அழிந்து, வேறோரிடத்தில் அதே அளவுக்கு யூகலிப்டஸ் வளர்ந்தால், நிகரக் கணக்கில் இழப்பு பூஜ்யம். காட்டை நம்பியிருந்த ஓடைக்கும், தேன் எடுக்கப் போகும் குடும்பத்துக்கும் அது பூஜ்யம் இல்லையே.

செயற்கைக்கோள் மரத்தின் தலையைத்தான் பார்க்கும். அடியில் உண்ணிச்செடி மண்டியிருக்கிறதா, நாளைய மரத்துக்கான கன்றுகள் முளைத்திருக்கின்றனவா என்பதைத் தெரிந்துகொள்ள ஆள் நடந்து போய்த்தான் பார்க்க வேண்டும். ஆய்வு நிறுவனம் மாதிரி இடங்களில் களக் கணக்கெடுப்பும் நடத்துகிறது. ஆனால் தலைப்புச் செய்தியாவது பரப்பளவு மட்டும்தான்.

சில வேலைகளுக்கு அந்த வானத்துக் கண் ரொம்பவே உதவுகிறது. காட்டுத்தீ நல்ல உதாரணம். 2023-24 தீக்காலத்தில் செயற்கைக்கோள்கள் நாடு முழுக்க 2,03,544 தீப்புள்ளிகளைக் கண்டன. அந்தத் தகவல் கைபேசி வழியாகக் களப் பணியாளர் வரை போகிறது. ஆராய்ச்சி நேரடியாக நிர்வாகத்துக்குப் பயன்படும் இடம் இது.

இந்த எண்ணால் உங்களுக்கு என்ன?

முதலில், பணம். 2021-26 காலத்துக்கான 15-வது நிதிக்குழு, மத்திய வரிப் பகிர்வில் காடுகளுக்கு 10 சதவீத எடை கொடுத்தது. நாட்டின் மொத்த அடர்வனத்தில் ஒரு மாநிலத்தின் பங்கு எவ்வளவு என்பதே அப்போது அளவுகோலாக இருந்தது. 40 சதவீதத்துக்குக் கீழே அடர்த்தி குறைந்தால் அந்த நிலம் 'திறந்த வனம்' ஆகிவிடும். அந்தக் கணக்கில் அது சேரவில்லை.

அடுத்து, பருவநிலை. 2005-ஐ ஒப்பிடும்போது 2030-க்குள் கூடுதலாக 250 முதல் 300 கோடி டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான கார்பனைக் காடுகளிலும் மரங்களிலும் சேர்ப்போம் என்று இந்தியா உலக நாடுகளிடம் வாக்குக் கொடுத்திருக்கிறது. 229 கோடி டன்னை எட்டிவிட்டோம் என்கிறது அறிக்கை. ஆனால் வெட்டப்போகும் தோட்டத்தில் சேர்ந்த கார்பனும், பழைய காட்டு மண்ணில் உறங்கும் கார்பனும் ஒரே மாதிரி நீடிக்காது.

அப்போ காட்டுக்கு வெளியே வளரும் மரம் வேண்டாமா? நிச்சயமாக வேண்டும். அந்த மரங்களிலிருந்து ஆண்டுக்கு சுமார் 9.15 கோடி கன மீட்டர் மரம் கிடைக்கும் என்று இதே அறிக்கை மதிப்பிடுகிறது. விவசாயிக்கு வருமானம், இயற்கைக் காட்டின் மேல் அழுத்தமும் குறையும். தேசிய வேளாண் காடுகள் கொள்கை 2014-லேயே வந்துவிட்டது. அதைத் தனிச் சாதனையாகச் சொல்லலாம். காட்டின் சாதனையாகச் சொல்வதில்தான் சிக்கல்.

சரி, காட்டுக்குள்ளேயே வளர்க்க முடியாதா?

முடியும். செய்து காட்டிய இடம் உண்டு. மேற்கு வங்கத்தின் மேதினிபூர் பகுதியில் உள்ள அராபாரி.

1970-களின் தொடக்கம். அங்கே சால் மரக்காடு வெறும் புதர்க்காடாகத் தேய்ந்திருந்தது. வனத்துறை ஆய்வாளர் அஜித் குமார் பானர்ஜி அங்கே சோதனைத் திடல்களை அமைத்தார். சுற்றியுள்ள கிராம மக்கள் விறகு வெட்டுவதும் மாடு மேய்ப்பதுமாக இருந்ததால் சோதனைகள் நிலைக்கவில்லை. காவலைக் கூட்டுவதற்குப் பதிலாக அவர் கிராமத்தாரிடம் போய்ப் பேசினார். விறகு விற்றுத்தான் பலருக்கு அடுப்பு எரிந்தது. வேறு வழி இல்லை.

1972 வாக்கில் 11 கிராமங்கள், 618 குடும்பங்களோடு ஓர் ஏற்பாடு உருவானது. 1,272 ஹெக்டேர் காட்டை அவர்களே காப்பார்கள். பதிலுக்கு வனப்பணிகளில் வேலை, விறகும் தீவனமும், பின்னாளில் மரம் விற்கும்போது வருமானத்தில் 25 சதவீதம்.

சால் மரத்துக்கு ஒரு குணம் உண்டு. வெட்டினாலும் வேர் உயிரோடிருந்தால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். துளிரை வெட்டாமலும் மாடு மேயாமலும் பார்த்துக்கொண்டால் போதும். புதிதாகப் பெரிய அளவில் நட வேண்டிய அவசியம்கூட இல்லை. காடு திரும்பி வந்தது.

1989-ல் மேற்கு வங்க அரசு இந்த முறைக்கு ஆணை பிறப்பித்தது. 1990 ஜூன் 1-ல் மத்திய அரசு எல்லா மாநிலங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது. கூட்டு வன மேலாண்மை நாடு முழுக்கப் பரவியது அப்படித்தான். எல்லா ஊரிலும் அது வெற்றி பெறவில்லை. பல இடங்களில் குழு காகிதத்தில் மட்டும் இருந்தது. அதிகாரம் வனத்துறையிடமே நின்றது. காட்டை நிர்வகிக்கும் சமூக உரிமையைச் சட்டமாகவே தந்தது 2006 வன உரிமைச் சட்டம்.

அடுத்த அறிக்கை வரும்போது

'காடு கூடியது' என்ற செய்தி மறுபடியும் உங்கள் கைபேசிக்கு வரும். அப்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

1. கூடியது வனப்பகுதிக்கு உள்ளேயா, வெளியேயா?
2. அடர்வனமா, திறந்த வனமா?
3. அந்தக் காட்டைக் காப்பவர்களுக்கு அதில் என்ன பங்கு?

முதல் இரண்டுக்கும் அறிக்கையின் அட்டவணையிலேயே விடை இருக்கும், தேடினால் கிடைக்கும். மூன்றாவதற்கு அங்கே கட்டம் கிடையாது. அராபாரியில் காட்டை மீட்டது அந்த மூன்றாவது கேள்வி.