‘தலைக்கு எவ்வளவு?’ என்று கேட்கும் முன்



பெருநாள் விடுமுறை நெருங்கும்போதெல்லாம் நம் கணியம்பாடியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இளைஞர்களிடையே ஒரு பேச்சு எழுகிறது. துபாயிலிருந்து ஒருவர் விடுப்பில் வந்திருப்பார். சென்னையில் கணினித் துறையில் பணியாற்றும் ஒருவர் வெள்ளிக்கிழமையையும் சேர்த்து விடுப்பு எடுத்திருப்பார். ஆம்பூருக்கோ ராணிப்பேட்டைக்கோ தோல் தொழிற்சாலை வேலைக்குப் போய்வரும் ஒருவருக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டுமே ஓய்வு. ஒரே மக்தபில் ஒரே பாயில் அமர்ந்து ஓதியவர்கள் இவர்கள். சனி, ஞாயிறு இரண்டு நாள் எங்கேனும் சேர்ந்து போய்வரலாம் என்று இவர்கள் நினைப்பது நல்ல எண்ணமே. ஆனால் போகும் இடம் முடிவாவதற்கு முன்பே ஒரு கேள்வி வந்து நிற்கிறது: “தலைக்கு எவ்வளவு?”

இந்தக் கேள்வியைப் பற்றியே இன்று எழுதுகிறோம். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இக்கேள்விதான் நம் நண்பர் கூட்டங்களை ஓசையின்றிப் பிளந்துகொண்டிருக்கிறது என்பது எங்கள் உறுதியான கருத்து.

பிறரைக் குறை கூறுவதற்கு முன் எங்கள் குறையைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் எட்டுப் பேர் கொடைக்கானல் போகத் திட்டமிட்டோம். வேன் வாடகை, அறை வாடகை, சாப்பாடு எல்லாம் கூட்டி எட்டால் வகுத்தபோது தலைக்கு 4,500 ரூபாய் வந்தது. கைப்பேசிக் குழுவில் அந்தத் தொகையைப் போட்டோம். ஏழு பேர் உடனே சரி என்றார்கள். தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்த எட்டாவது நண்பர் மறுநாள், “அம்மாவுக்குக் காய்ச்சல், நான் வரவில்லை, நீங்கள் போய்வாருங்கள்” என்று எழுதினார். நாங்கள் நம்பினோம், நம்புவது எங்களுக்கு வசதியாகவும் இருந்தது. எட்டால் வகுத்ததை ஏழால் வகுத்துக்கொண்டு புறப்பட்டோம்.

திரும்பி வந்தபின் அவர் தாயாரின் நலம் விசாரிக்க ஒரு சாக்லேட் பொட்டலத்துடன் அவர் வீட்டுக்குச் சென்றோம். கதவைத் திறந்தவரே அந்தத் தாயார்தான். காய்ச்சல் வந்த சுவடே இல்லை. “நீங்கள் எல்லோரும் ஊருக்குப் போயிருந்தீர்களா தம்பி? அவன் சொல்லவே இல்லையே. ஞாயிற்றுக்கிழமைகூட வேலைக்கல்லவா போனான்!” என்றார். எங்களில் ஒருவருக்கும் பதில் சொல்ல வாய் வரவில்லை. 4,500 ரூபாய் அவருடைய ஒரு வாரக் கூலிக்கும் அதிகம். அதைத் தெரிந்துகொள்ள எங்களுக்குக் கணக்கு வாத்தியார் தேவையில்லை. தெரிந்தும் நாங்கள் நினைத்துப் பார்க்கவில்லை. உண்மையே பேசிப் பழகிய ஒரு மனிதரை, தம் தாயைக் காரணம் காட்டிப் பொய் சொல்லும் நிலைக்கு எங்கள் கணக்கு தள்ளியது.

அவராவது பொய்யோடு நிறுத்திக்கொண்டார். மானத்துக்கு அஞ்சி, மனைவியின் கம்மலை அடகு வைத்தும், வட்டிக்குக் கடன் வாங்கியும் பயணத்தில் சேர்ந்துகொள்பவர்கள் நம்மிடையே உண்டு. மலை உச்சியில் எடுத்த படத்தில் அவர்களும் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் பல மாதத் தவணை நிற்கிறது. வட்டி ஹராம் என்று ஜும்ஆ பயானில் கேட்டுத் தலையசைக்கும் நாம், ஒரு சகோதரனை வட்டிக்கடை வாசலுக்கு அனுப்பிவைத்ததில் நமக்குப் பங்கில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

திருமறையின் அல்பகரா அத்தியாயம், தேவை இருந்தும் கேட்கக் கூசுகிறவர்களைப் பற்றிப் பேசுகிறது. அவர்களுடைய தன்மானத்தைக் கண்டு, அறியாதவன் அவர்களைச் செல்வந்தர் என்று எண்ணிக்கொள்வான். அவர்களின் அடையாளங்களைக் கொண்டே அவர்களை அறிய முடியும் என்கிறது (2:273). அயலான் அறியாமல் போகலாம். ஒன்றாகப் படித்து, ஒன்றாக நோன்பு திறந்த நண்பன் அறியாமல் போனால் அது அறியாமையாகாது, பாராமுகம்.

“எல்லோருக்கும் ஒரே தொகை என்பதுதானே நீதி?” என்று கேட்பார்கள். வருமானம் ஒன்றாக இருந்தால் நீதிதான். ஒருவருக்கு அரை நாள் ஊதியமாகவும் இன்னொருவருக்கு ஒரு வாரக் கூலியாகவும் இருக்கும் தொகை, எண்ணில் ஒன்றாக இருந்தாலும் சுமையில் ஒன்றல்ல. அஷ்அரீ குலத்தாரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் புகழ்ந்ததை நினைவுகூர்வோம். போர்ப் பயணத்தில் உணவு குறைந்துபோனாலும், ஊரில் குடும்பத்தாரின் உணவு குறைந்தாலும், அவர்கள் தம்மிடம் உள்ளதையெல்லாம் ஒரே துணியில் கொட்டி, ஒரே பாத்திரத்தால் அளந்து சமமாகப் பங்கிட்டுக்கொள்வார்கள். அவர்கள் தம்மைச் சேர்ந்தவர்கள் என்றே நபியவர்கள் கூறினார்கள் (புகாரி, முஸ்லிம்). அங்கே சமமாக இருந்தது எது? எடுத்துக்கொண்ட பங்கு. கொண்டுவந்து கொட்டியது அவரவரிடம் இருந்த அளவு. நாமோ கொட்டுவதைச் சமமாக்கிவிட்டு, கொட்ட இயலாதவனை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறோம்.

“முடியாதவர் வராமல் இருக்கட்டும், யார் கட்டாயப்படுத்தினார்கள்?” என்பது அடுத்த வாதம். விருந்துகளில் மிகக் கெட்டது, செல்வந்தர்கள் அழைக்கப்பட்டு ஏழைகள் விடப்படும் வலீமா விருந்து என்று நபிமொழி எச்சரிக்கிறது. விலை சொல்லி விலக்கிவைப்பதும் அழைக்காமல் விடுவதும் ஒன்றே. மூவர் இருக்கும் இடத்தில் இருவர் மட்டும் இரகசியம் பேசக் கூடாது, அது மூன்றாமவரை வருத்தும் என்றும் தடுக்கப்பட்டிருக்கிறோம். இன்று என்ன நடக்கிறது? வராதவரைத் தவிர்த்து ‘டூர்’ என்ற பெயரில் கைப்பேசியில் தனிக் குழு தொடங்குகிறோம். மூன்றாமவரின் மனம் நோகாமலிருக்க இரண்டு நிமிடப் பேச்சையே தடுத்த மார்க்கத்தில், இரண்டு நாள் பயணத்தின் கேளிக்கை முழுவதையும் படம் படமாக ஊரார் பார்க்கப் பகிர்கிறோம். வேலை முடிந்து வீடு திரும்பும் அந்த நண்பரும் அதைப் பார்க்கிறார்.

“அவர் பங்கையும் நாங்களே தருகிறோம் என்றோமே, அவர்தான் வறட்டுக் கௌரவம் பார்க்கிறார்” என்பது மூன்றாவது வாதம். எங்கே சொன்னீர்கள்? எட்டுப் பேர் பார்க்கும் குழுவிலா? தேநீர்க் கடையில் நான்கு பேர் முன்னிலையிலா? தர்மத்தைச் சொல்லிக்காட்டியும் நோகடித்தும் பாழாக்காதீர்கள் என்ற இறைக்கட்டளையை (2:264) நாம் அறிவோம். கொடுப்பதற்கு முன்பே ஊரறியச் செய்வதை எந்தக் கணக்கில் வைப்பது? அதை மறுத்தவரிடம் இருந்தது வறட்டுக் கௌரவம் அல்ல, ஈமான் உள்ளவனின் வெட்கம்.

இந்த இடத்தில் ஊர்ப் பெரியவர்கள் சிலர், “அதனால்தான் சொல்கிறோம், ஊர் சுற்றுவதே வீண்” என்று குறுக்கிடக் கூடும். அவர்களோடும் நாம் உடன்படவில்லை. பூமியில் பயணம் செய்து படைப்பு தொடங்கிய விதத்தைப் பாருங்கள் என்பது குர்ஆனின் அழைப்பு (29:20). வாரம் முழுதும் தோல் வாடையிலும் இயந்திர இரைச்சலிலும் உழைப்பவருக்கு மலைக்காற்றில் ஒரு நாள் கிடைப்பது ஆடம்பரம் ஆகாது. எங்கள் வழக்கு பயணத்தின் மீதன்று, அதைத் திட்டமிடும் முறையின் மீதுதான். எனவே மாற்று முறையையும் சொல்லவேண்டியது எங்கள் கடமை.

முதலாவது, தலைவர். மூவர் பயணம் புறப்பட்டால் ஒருவரை அமீராக்கிக்கொள்ள வேண்டும் என்பது நபிவழி (அபூதாவூத்). அதிகம் சம்பாதிப்பவரை அமீராக்காதீர்கள். இரகசியம் காப்பவரை, எல்லோர் வீட்டு நிலையும் அறிந்தவரை அமீராக்குங்கள். இடம் தேடும் முன் அவர் நண்பர்களைத் தனித்தனியே சந்திக்கட்டும். யாரால் எவ்வளவு முடியும் என்பது அவர் ஒருவருக்கு மட்டுமே தெரியட்டும்.

இரண்டாவது, பணம். அவரவர் இயன்றதைத் தனித்தனியே அமீரிடம் கொடுத்துவிடட்டும். யார் எவ்வளவு கொடுத்தார் என்பது அவரோடு நிற்கட்டும். பயணம் முடிந்ததும் செலவுக் கணக்கு முழுவதையும் எல்லோருக்கும் காட்டவேண்டும். வரவுப் பட்டியலைக் காட்டக் கூடாது.

மூன்றாவது, இடம். சேர்ந்த தொகைக்குள் அடங்கும் இடமே நம் இடம். நம் ஊருக்கு அருகிலேயே ஜவ்வாது மலைச்சரிவில் அமிர்தி வனவிலங்குப் பூங்கா இருக்கிறது. மழைக்காலமாயின் அருவியும் உண்டு. வேலூர்க் கோட்டைக்கு நகரப் பேருந்தே போதும். 1799இல் திப்பு சுல்தான் ஷஹீதான பிறகு அவர் குடும்பத்தார் வைக்கப்பட்டிருந்ததும், 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததும் அந்தக் கோட்டையில்தான். அதன் வரலாற்றை நம் பிள்ளைகளுக்குச் சொல்லத் தெரிந்தவர் நம்மில் எத்தனை பேர்? காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1977இல் யுரேனஸ் கோளின் வளையங்கள் கண்டறியப்பட்டபோது அதைப் பதிவுசெய்த இடங்களுள் அதுவும் ஒன்று.

இரவு தங்கியே ஆகவேண்டுமெனில் ஏலகிரி இருக்கிறது. காட்பாடியிலிருந்து ஜோலார்பேட்டைக்கு ரயில், அங்கிருந்து மலைக்குப் பேருந்து. வேன் வாடகையே மிச்சம். வீட்டிலிருந்து தேக்சாவும் சீரகச் சம்பா அரிசியும் கொண்டுசென்றால் உணவக விலை நம்மை அச்சுறுத்தாது. கையால் உழைக்க முடிந்தவர் சமையலில் உழைக்கட்டும், அதுவும் ஒரு பங்குதான். வழியில் எங்கே தொழுவது, அந்தத் தொலைவுக்குக் கஸ்ர் உண்டா என்பதை ஊர் இமாமிடம் கேட்டுக்கொண்டே புறப்படவேண்டும். பயணம் உறக்கத்தையும் உணவையும் தடுக்கும் சிரமமாகும், காரியம் முடிந்ததும் குடும்பத்தாரிடம் விரைந்து திரும்புங்கள் என்பது நபிமொழி. ஆகவே ஓர் இரவு போதும்.

ஏலகிரி ஏறும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அவற்றுக்குத் தமிழ்ப் புலவர்களின் பெயர்களும் பாரி முதலிய வள்ளல்களின் பெயர்களும் சூட்டப்பட்டிருக்கின்றன. கொடைக்குப் பெயர்போனவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தபடி மேலே ஏறுகிறோமே, கீழே யாரையாவது விட்டுவிட்டு வந்தோமா என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்போம்.

பத்ருக்குச் செல்லும்போது ஒட்டகங்கள் போதவில்லை. மூவருக்கு ஓர் ஒட்டகம் என முறைவைத்து ஏறினார்கள். நபி (ஸல்) அவர்களின் முறை நடப்பதாக வந்தபோது, உடனிருந்த அலீ (ரலி), அபூ லுபாபா (ரலி) இருவரும், “தங்களுக்காக நாங்கள் நடக்கிறோம்” என்றார்கள். நபியவர்கள் அதை ஏற்காமல் தம் முறைக்கு நடந்தே சென்றார்கள் (அஹ்மத்). பயணங்களில் அவர்கள் கூட்டத்தின் பின்னால் வருவார்கள். நலிந்தவரைத் தம் வாகனத்தில் ஏற்றிக்கொள்வார்கள், அவருக்காக துஆ செய்வார்கள் (அபூதாவூத்). படைத்தலைவராக இருந்தவர் பின்தங்கியவரின் வேகத்துக்குத் தம்மைக் குறைத்துக்கொண்டார். நாம் எட்டு நண்பர்கள் ஒரு வார இறுதிக்கு அதைச் செய்ய முடியாதா?

அடுத்த பயணத்துக்குக் குழுவில் தொகையை எழுதும் முன், உங்கள் கூட்டத்தில் குறைவாகச் சம்பாதிக்கும் நண்பரின் முகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அவரால் இயலும் தொகையிலிருந்து திட்டத்தைத் தொடங்குங்கள். கொடைக்கானல் அமிர்தியாகச் சுருங்கினாலும் எட்டுப் பேரும் எட்டுப் பேராகவே போய்வருவீர்கள்.

எங்கள் நண்பரிடம் நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். “எதற்கு?” என்று சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு இன்றும் எங்களை உறுத்துகிறது. நம் சகோதரர்களின் சொல்லப்படாத தேவைகளை அறிந்து நடக்கும் உள்ளத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.