கடுகு டப்பாவை நகர்த்தினது யாரு?

டிஸ்கி: தலைப்பைப் பார்த்துட்டு சமையல் குறிப்புன்னு வந்தவங்க மன்னிக்கணும். இது கம்ப்யூட்டர் பத்தின புலம்பல். ஆனா கடுகும் வரும்.

போன மாசம் ஸ்ரீரங்கத்தில் அப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். கம்ப்யூட்டரை ஆன் பண்ணிட்டு மவுஸில் கையை வெச்சபடி சும்மா உட்கார்ந்திருந்தார். என்னப்பான்னு கேட்டேன். கொஞ்சம் தயங்கினார். "ஏண்டா, எனக்கு மறதி வியாதி ஏதாவது வந்துடுச்சா? மெயிலைத் திறக்கலாம்னு அமுக்கினா வேற என்னமோ திறக்குது. மூணு நாளா இதே கதைதான். அம்மாகிட்ட சொல்லாத" என்றார்.

பொன்மலை ரயில்வே பணிமனையில் காலம் தள்ளிய மனுஷர். எந்த ஸ்பேனர் எந்த ஆணியில் தொங்குதுன்னு கண்ணை மூடிக்கிட்டு எடுப்பார். அவருக்கு மறதியாம்!

உட்கார்ந்து பார்த்தேன். ராத்திரியோட ராத்திரியா சிஸ்டம் தானே அப்டேட் ஆகி, யாரும் கேட்காத ரெண்டு புது ஐகானை டாஸ்க்பாரில் சொருகி வெச்சிருக்கு. பழைய ஐகான் எல்லாம் ரெண்டு இடம் தள்ளிப் போயாச்சு. அப்பாவின் கை பழைய இடத்துக்கே போகுது. அவ்வளவுதான் விஷயம். எந்தக் கம்பெனின்னு கேட்காதீங்க. பேரைச் சொன்னா, "எங்காளு அப்படி இல்லை"ன்னு எதிர்க்கட்சி ரசிகர்கள் கிளம்பி வருவாங்க. எல்லா ஆளும் அப்படித்தான் சாமி.

அம்மாவின் அஞ்சறைப் பெட்டியை நினைச்சுப் பாருங்க. எண்ணெய் காயும்போது யாரும் தேடிப் பார்த்துக் கடுகு எடுக்கறதில்லை. கை தானா போகும். டாஸ்க்பார், டாக், லாஞ்சர் என்று எந்தப் பேர் வெச்சாலும் இந்த ஐகான் பட்டைக்கு வேலை இது ஒண்ணுதான்: கண்ணால் தேடாமல் கை போய் எடுக்கணும். இடம் மாறினா அது அஞ்சறைப் பெட்டி இல்லை, சும்மா டப்பா.

1995ல் விண்டோஸ் 95 வந்தப்போ இதை ஒழுங்காத்தான் செஞ்சாங்க. பட்டையைத் திரையின் நாலு பக்கத்தில் எங்கே வேணும்னாலும் இழுத்து வெச்சுக்கலாம். ஸ்டார்ட் பட்டன் மூலையில். மூலை ஏன் முக்கியம்னா, மவுஸை எவ்வளவு வேகமா தள்ளினாலும் அதைத் தாண்டிப் போகாது. குறி பெருசாவும் கிட்டேயும் இருந்தா கை சீக்கிரம் போய்ச் சேரும்னு ஃபிட்ஸ் என்கிற உளவியல்காரர் 1954லயே அளந்து சொல்லிட்டார். அப்புறம் குயிக் லாஞ்ச் வந்தது. நம்மாளுங்க பலர் இ-கலப்பையையும் ப்ரௌசரையும் அதில்தான் போட்டு வெச்சிருந்தோம், ஞாபகம் இருக்கா?

2001ல் மேக் ஓஎஸ் டென் டாக்கோடு வந்தது. அழகுன்னா அழகு. ஆனா பட்டை நடுவில் நிற்கும். ஒரு புரோகிராமைப் புதுசா திறந்தா ரெண்டு பக்கமும் நீளும், கூட்டம் சேர்ந்தா ஐகான் எல்லாம் சுருங்கும். கடுகு தினம் ஒரு இடத்தில்! ஆப்பிளிலேயே வேலை பார்த்த ப்ரூஸ் டாக்னாஸினி இதைக் கிழிகிழின்னு கிழிச்சு எழுதினார். யார் கேட்டா?

சரி, இலவச மென்பொருள்காரங்களாவது? 2011 ஏப்ரலில் க்னோம் 3 பட்டையையே ஒளிச்சு வெச்சது. அதே மாசம் உபுண்டு 11.04, யூனிட்டி லாஞ்சரை இடது பக்கம் ஆணி அடிச்சு மாட்டிச்சு. கீழே நகர்த்த வழி கொடுங்கப்பான்னு ஜனங்க கெஞ்சினாங்க. முடியாதுன்னுட்டாங்க. 2016ல் 16.04 வந்தப்போதான் மனசு இரங்கினாங்க. அடுத்த வருஷமே யூனிட்டியையே தலைமுழுகிட்டாங்க, அது வேற கதை. 2021ல் விண்டோஸ் 11 வந்தபோது ஐகான்களை நடுவுக்குக் கொண்டுவந்து, பட்டையை மேலேயோ பக்கத்திலேயோ நகர்த்துற வசதியையும் பிடுங்கிட்டாங்க. 1995ல் கொடுத்ததை 26 வருஷம் கழிச்சுத் திருப்பி வாங்கினாங்க. ஜன்னல் பேரைப் பட்டையில் காட்டுற வசதியும் போச்சு. அது 2023ல் திரும்பி வந்தப்போ "புது வசதி" மாதிரி வந்தது பாருங்க, அதான் தமாஷ்.

இதை ஒரு நண்பர்கிட்ட சொன்னா, "மாற்றம் ஒன்றே மாறாதது, பழகிக்கணும் பாஸ்"ங்கறார். ஆணி புடுங்கறது மென்பொருள் கம்பெனியில், அப்புறம் எப்படிப் பேசுவார்! அவர் வாதம்: 2011ல் தமிழக அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்துச்சு, பசங்க ரெண்டையும் சமாளிக்கலையா?

சமாளிச்சாங்க. ஏன்னா ரெண்டு வீட்டில் ரெண்டு அஞ்சறைப் பெட்டி இருந்தா ஒரு பிரச்சனையும் இல்லை. ஒரே பெட்டியை நீங்க தூங்கும்போது எவனோ வந்து மாத்தி வெச்சுட்டுப் போறதுதான் பிரச்சனை.

மாத்தவே கூடாதுன்னு நான் சொல்லலை. 2025ல் திருச்சியில் வெளியூர் பஸ்களைப் பஞ்சப்பூருக்கு மாத்தினாங்க. திட்டினவங்க நிறைய, அலைஞ்சவங்களும் நிறைய. ஆனா பஸ் ஸ்டாண்டு மாறப்போகுதுன்னு மாசக்கணக்கா பேப்பரில் வந்துது. மத்திய பேருந்து நிலையத்தில் போய் நின்னவர் யாரும், "ஐயோ என் மூளை குழம்பிடுச்சு"ன்னு பயப்படலை. பஸ் ஸ்டாண்டு மாறிடுச்சுன்னு தெரியும். அப்பாவுக்கு அந்த ஒரு வரிகூட யாரும் சொல்லலையே. மெஷின் செஞ்ச வேலைக்கு மூணு நாள் ராத்திரி தன்னைத்தானே சந்தேகப்பட்டுப் படுத்திருக்கார். எந்த டிசைனர் கணக்கில் இதை எழுதறது?

அப்டேட் பண்ணுங்க, பாதுகாப்பு ஓட்டையை எல்லாம் அடைங்க, நல்லா இருப்பீங்க. நான் வெச்ச ஐகானை நான்தான் நகர்த்துவேன். புதுசா ஏதாவது சொருகணும்னா என்னைக் கேளுங்க. இல்லைன்னா கடைசியில் போய் ஒட்டிக்கோங்க, முன்னால் நுழையாதீங்க.

அந்த ரெண்டு ஐகானையும் பிடுங்கிப் போட்டேன். எல்லாம் பழைய இடத்துக்கு வந்தது. "உங்க மேல தப்பில்லைப்பா"ன்னு விளக்கினேன், தலையை ஆட்டினார். நம்பின மாதிரி தெரியலை. கிளம்பறப்போ மேஜை மேல் டைரி திறந்து கிடந்தது. பச்சை மையில் எழுதி வெச்சிருக்கார்: முதல்ல மெயில், ரெண்டாவது பேங்க், மூணாவது பேப்பர், நாலாவது போட்டோ.