கடன் கொப்பி எங்கே பத்திரமாக இருக்கிறது?

அட்டன், தலவாக்கலை, நுவரெலியா நகரங்களில் நமது வர்த்தகர்கள் பலரின் கடன் கொப்பி இப்போது கணனிக்குள் போய்விட்டது. தோட்டத்திலிருந்து வருபவர் சம்பள நாள் வரை வாங்கும் மாவும் பருப்பும் பிள்ளையின் பாடசாலைச் சப்பாத்தும் அதற்குள்தான் பதிவாகின்றன. தேயிலைத் தொழிற்சாலைகளின் நிலையும் இதுவே. 1883இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலமே 2020 ஏப்ரலில் இணையத்துக்கு மாறிவிட்டது.

கடனை எழுதி வைக்கும்படி சூரா பகராவின் 282ஆவது வசனம் கட்டளையிடுகிறது. அல்குர்ஆனில் மிக நீளமான வசனமும் அதுவே. எழுதினால் மட்டும் போதுமா? எழுதியது அழியாதிருக்க வேண்டாமா? கணக்கு அழிந்தால் நட்டம் முதலாளிக்கு மட்டுமல்ல. பாதிக் கடனைக் கட்டிய தொழிலாளியிடம் முழுத் தொகையும் கேட்கப்படலாம். தான் கட்டியதை நிரூபிக்க அவரிடம் துண்டுச் சீட்டுக்கூட இருக்காது.

அரசாங்கத்துக்கே இந்தக் கதி நேர்ந்தது. 2023 ஆகஸ்டில் இலங்கை அரச மேகக் கணிமைச் சேவை, தரவுகளைப் பூட்டிக் கப்பம் கேட்கும் மென்பொருளின் தாக்குதலுக்கு உள்ளானது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் மீட்க முடியாமல் போயின. பழைய மென்பொருள் புதுப்பிக்கப்படவில்லை, மூன்று மாதத்துக்கும் சற்று மேலான அந்தக் காலத்துக்கு வேறிடத்தில் பிரதியும் இருக்கவில்லை.

நமது கடைகளில் இன்னொரு கோளாறும் உண்டு. கணனியில் ஓடும் மென்பொருள் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், "பொருத்தித் தந்த தம்பி போட்டது" என்பார்கள். திருட்டுப் பிரதி என்பதை நாகரிகமாகச் சொல்லும் முறை இது. 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, பதிப்புரிமையும் கண்டுபிடிப்புரிமையும் ஷரீஆ பாதுகாக்கும் சொத்துரிமைகளே என்று தீர்மானித்தது. நாட்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் இதைத் தடுக்கிறது. "பெரிய வெளிநாட்டுக் கம்பனிதானே" என்ற சமாதானத்துக்கு இரண்டிலும் இடமில்லை.

காசு கொடுத்து வாங்கலாம். ஆனால் விலை டொலரில். 2022இல் 200 ரூபாவை அண்டியிருந்த டொலர் சில வாரங்களில் 350ஐத் தாண்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரே கணனியைப் பல மெய்நிகர்க் கணனிகளாகப் பிரித்து இயக்கும் வேலைக்கு நெடுங்காலம் பெயர் பெற்றிருந்தது வீஎம்வேர். 2023 நவம்பரில் புரோட்கொம் அதை வாங்கியது. அடுத்த மாதமே நிரந்தர அனுமதிப்பத்திர விற்பனையை நிறுத்தி, சந்தா முறையை மட்டும் வைத்தது.

அதே வேலையைச் செய்யும் திறந்த மூல மென்பொருள்கள் ஹலாலாகவும் அனுமதிக் கட்டணமின்றியும் கிடைக்கின்றன. அடிப்படையான கேவிஎம் 2007 முதல் லினக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. அதன்மீது வியன்னாவில் உருவான புரொக்ஸ்மொக்ஸ் 2008இல் வெளிவந்தது. நாசாவும் ரக்ஸ்பேஸும் 2010இல் தொடங்கிய ஓப்பன்ஸ்டக் மிகப் பெரியது. அட்டன் கடைக்கு அது வேண்டாம், ஒரு மூட்டை மா ஏற்றப் பத்து லொறி பிடித்த கதையாகிவிடும். புரொக்ஸ்மொக்ஸில் ஒரே திரையில் மெய்நிகர்க் கணனிகளை உருவாக்கலாம், நகர்த்தலாம், பிரதியெடுக்கலாம். எந்த உண்மையான கணனியின் வன்தட்டு பழுதடைகிறது என்பதையும் பார்க்கலாம்.

ஆகவே ஒவ்வொரு கடையும் தனித்தனியாகச் செலவழிப்பதை விட்டு, நகர வர்த்தக சங்கம் பாவித்த சேர்வர் மூன்றை வாங்கிப் பொதுவில் நடத்தலாம். கடைகள், பள்ளிவாசல் கணக்கு, மத்ரஸா என ஒவ்வொன்றுக்கும் தனி மெய்நிகர்க் கணனி. ஒருவர் கணக்கை மற்றவர் பார்க்க முடியாதபடி பூட்டியும் வைக்கலாம். மூன்று எதற்கு? ஒன்று விழுந்தால், மிஞ்சிய இரண்டும் பெரும்பான்மையாக நின்று அதன் வேலையை ஏற்க வேண்டும். இரண்டு மட்டும் இருந்தால் அந்தப் பெரும்பான்மை கிடைக்காது. குளிரூட்டிச் செலவு நமது மலையில் குறைவுதான், ஈரப்பதனைத்தான் கவனிக்க வேண்டும்.

பிரதியை மலைக்கு வெளியே, கொழும்பிலோ வேறிடத்திலோ வைப்பது கட்டாயம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மண்சரிவுகளில் மலையகப் பாதைகளும் தொடர்புகளும் துண்டிக்கப்பட்டதைப் பார்த்தோம். பக்கத்துத் தெருவில் இருக்கும் பிரதி அப்படிப்பட்ட நாளில் உதவாது.

இலவசம் என்பது அனுமதிக்கு மட்டுமே, ஆளுக்கு அல்ல. இதை மறந்து தொடங்கினால் மூன்று சேர்வரும் ஆறு மாதத்தில் தூசி பிடிக்கும். கவனிக்க ஒருவருக்குச் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும். 2005இல் கொழும்பில் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 திறந்த மூல மென்பொருளிலேயே உலகச் சந்தைக்குப் போனது, 2024இல் சுவீடனின் ஈகியூடி முதலீட்டு நிறுவனம் அதை வாங்கியது. திறமை நாட்டில் உண்டு. கணனி படித்த மலையக இளைஞருக்கு ஊரில் வேலை இல்லாததால்தான் கொழும்பு பஸ் ஏறுகிறார். சங்கம் இருவரைப் பயிற்றுவிக்கட்டும். அதில் ஒருவராவது தோட்டத்து லயத்திலிருந்து வந்தவராக இருக்கட்டும். அந்தக் கணக்கில் இருப்பது அவர்களுடைய கடனும்தானே.

ஏப்ரல் வசந்த காலச் சனநெரிசல் ஓய்ந்த பின், மே மாதத்தில் ஒரு பழைய கணனியில் பரீட்சித்துப் பார்க்கலாம். பிரதி எடுப்பதோடு நிறுத்தாமல், மாதம் ஒருமுறை அதிலிருந்து கணக்கைத் திரும்பத் திறந்து பார்க்கவும் வேண்டும். அதுவரை இன்றிரவே கணக்கை வெளி வன்தட்டொன்றில் பிரதியெடுத்து, கடையில் அல்லாமல் வேறிடத்தில் வையுங்கள்.