பள்ளிக்கு ஆகாத கூரை வீட்டுக்கு ஆகுமா?

ஏப்ரல் 14 அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாள். அதே நாளில்தான் நாடெங்கும் தீத்தொண்டு வாரமும் தொடங்குகிறது. 1944-இல் பம்பாய் துறைமுக வெடிவிபத்தில் மாண்ட தீயணைப்பு வீரர்களின் நினைவு அது. இரண்டையும் சேர்த்துப் பேச வேண்டும் என்கிறோம்.

அந்த வாரத்தில் சொல்லப்படும் அறிவுரைகள் சரியானவை. இரவில் ரெகுலேட்டரை மூடுங்கள். சிலிண்டரை நிமிர்த்தி வைத்து, அடுப்பை அதைவிட உயரத்தில் வையுங்கள். கேஸ் வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல் கதவு, ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியேறுங்கள், 1906-க்குச் சொல்லுங்கள். தீப்பிடித்தால் 101 அல்லது 112. உடையில் தீப்பற்றினால் ஓடாமல் தரையில் உருளுங்கள். ஆண், பெண், பிள்ளைகள் எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆனால் இவை தனிச் சமையலறை உள்ள வீட்டுக்கு எழுதியவை. ஏற்காடு மலையில் வெள்ளக்கடை போன்ற ஊர்களின் பழங்குடி, தோட்டத் தொழிலாளர் குடும்பங்களானாலும், சமவெளிச் சேரிகளானாலும், விறகடுப்பும் பாயும் பாடப்புத்தகமும் ஒரே அறையில் கிடக்கும் வீடுகள் இன்னும் உண்டு. ஒரு விளக்குக்காக இழுத்த மின்கம்பியில் டிவியும் மிக்சியும் மின்விசிறியும் ஓடுகின்றன. இலவசமாகப் பொருள் தந்தார்கள். கம்பியை மாற்றித் தந்தது யார்? மலைப்பாதை ஏறி, ஒற்றையடிப் பாதை முனையில் தீயணைப்பு வண்டி நின்றுவிட்டால் கூரைக்கு மிஞ்சுவது என்ன?

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளிச் சமையல்கூடத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொன்றது. அதன்பின் பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்ற அரசு ஆணையிட்டது. பகலில் பிள்ளை படிக்கும் இடத்துக்கு ஆகாத கூரை, இரவில் அதே பிள்ளை உறங்கும் இடத்துக்கு மட்டும் ஆகுமா?

கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேரைக் குடிசையோடு கொளுத்தினார்கள். அது வைத்த தீ. நாம் இங்கே பேசுவது பற்றிய தீ. இரண்டுக்கும் இரையாவது அதே குடிசைதான்.

2030-க்குள் ஊரகப் பகுதிகளில் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் என்கிறது கலைஞரின் கனவு இல்லம் திட்டம். வரவேற்கிறோம். ஆனால் வீடு கேட்டால் பட்டா கேட்கிறார்கள். தோட்டத்து லைன் வீட்டில் தலைமுறையாக வாழ்பவர் பட்டாவுக்கு எங்கே போவார்? முதலில் மனைப்பட்டா, பிறகு வீடு, பழுதில்லாத மின் இணைப்பு, வண்டி வரும் பாதை. இந்த நான்கும்தான் எங்கள் தீத்தடுப்புத் திட்டம்.

மே 1 கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள், தோழர்களே. பதிவேட்டில் எழுதும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.