உண்டியலில் எந்தப் பெயரை ஒட்டுவது?

எங்கள் காலனிப் பிள்ளை ஒருவர் கிழக்கு லண்டனில் ஓர் இந்திய உணவகத்தின் சமையலறையில் வேலை பார்க்கிறார். நாங்கள் நடத்தும் மாலைநேரப் படிப்பகத்தில் முதல் வருடம் உட்கார்ந்து படித்தவர். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைக் கூப்பிட்டார். "இங்க பப்புல, ஓட்டல்ல எல்லாம் கல்லாப் பக்கத்துல ஒரு பெட்டி இருக்கும்க்கா. மிச்சச் சில்லறைய அதுல போட்டுட்டுப் போவாங்க. நம்ம படிப்பகத்துக்கும் ஒண்ணு வெச்சா என்ன?"

நல்ல யோசனையாகத்தான் பட்டது. படிப்பகத்துக்கு மின்கட்டணம் கட்ட மாதாமாதம் நாங்கள் படும் பாடு அவருக்குத் தெரியும். அந்த வாரமே கூட்டம் போட்டோம். முதல் கேள்வி பெண்களிடமிருந்து வந்தது. "பப்புன்னா சாராயக்கடைதானே? அந்தக் காசுலயா நம்ம பிள்ளைங்க படிக்கணும்?" தெருமுனை டாஸ்மாக்கை எடுக்கச் சொல்லி வெயிலில் உட்கார்ந்தவர்கள் அவர்கள். கேட்க உரிமை உள்ளவர்கள். எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் அவர்களில் மூத்தவரே முடித்துவைத்தார்: "2003லேருந்து கவர்மெண்டே பாட்டில் வித்துதான் பள்ளிக்கூடம் நடத்துது. நாம மட்டும் என்ன பத்தினி வேஷம்?" சிரித்துவிட்டு ஒத்துக்கொண்டார்கள். உண்மையான சிக்கல் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

பிரிட்டனில் பப் என்பது நம் ஊர் டாஸ்மாக் பார் மாதிரி முகத்தை மறைத்துக்கொண்டு நுழையும் இடமில்லை. டீக்கடையும் ஊர்ச் சாவடியும் சேர்ந்த மாதிரி. அங்கே உண்டியலுக்கு நீண்ட பழக்கம் உண்டு. ஒரு காலத்தில் மேசைமேல் பென்னிக் காசுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கோபுரமாக்குவார்களாம். ஆளுயரத்துக்கு வந்ததும் யாராவது பிரபலத்தைக் கூப்பிட்டுத் தள்ளிவிடச் சொல்லி, சிதறிய காசை எண்ணி மருத்துவமனைக்கோ முதியோருக்கோ கொடுப்பார்கள். கடற்கரை ஊர்களின் பப்புகளில் இன்றும் பார்க்கக்கூடியது படகு வடிவ உண்டியல். ஆர்.என்.எல்.ஐ. என்ற உயிர்காப்புப் படகு அமைப்பினுடையது. 1824-இல் தொடங்கியது. கடலில் தத்தளிப்பவர்களை மீட்கப் போகும் அதன் படகுக்காரர்களில் பெரும்பாலோர் சம்பளமில்லாத உள்ளூர்த் தொண்டர்கள். தெருவில் உண்டியல் குலுக்கும் வழக்கமே 1891-இல் மான்செஸ்டரில் இந்த அமைப்புக்காக நடந்த வசூலில் இருந்துதான் பரவியது என்பார்கள்.

அந்தப் பெட்டியின் படத்தைத் தோழர் அனுப்பியபோது எங்களை ஈர்த்தது ஒன்றுதான். அதில் மூழ்கிக்கொண்டிருக்கும் மனிதனின் முகம் இல்லை. அழுகிற விதவையும் இல்லை. படகுதான் இருக்கிறது. செய்கிற வேலை எதுவோ அதுவே பெட்டியின் வடிவம். காசு போடுகிற மீனவன் நாளைக்கு அதே படகால் கரை சேரலாம். அதனால் அவன் யாருக்கும் பிச்சை போடவில்லை. 2021-இல் ஆங்கிலக் கால்வாயில் தவித்த அகதிகளை இந்தப் படகுகள் காப்பாற்றியதற்காக வலதுசாரிகள் 'டாக்ஸி சர்வீஸ்' என்று கேலி செய்தார்கள். அதன் பிறகு நன்கொடை கூடியது. யாரைக் காப்பாற்றுவது என்று சாதி, தேசம் பார்க்காத படகுக்கு விழுந்த காசு அது.

எங்கள் பெட்டிக்கு அந்த மரியாதை கிடைக்குமா? தோழர் இரண்டு இடங்களில் பேசிப் பார்த்தார்.

முதலாவது, அவர் வீட்டருகே உள்ள பப். மேலாளர் வெள்ளைக்காரர், நல்ல மனிதர், உடனே சரி என்றார். ஒரு வேண்டுகோள் மட்டும்: பெட்டியில் ஒட்ட ஒரு குழந்தையின் படம் வேண்டும். சிரிக்கிற படம் வேண்டாம், அதற்குக் காசு விழாது. பெரிய கண்ணாக, கேமராவை நேராகப் பார்க்கிற மாதிரி.

எந்தக் குழந்தையின் படம்? எங்கள் படிப்பகத்தில் வந்து உட்காரும் முப்பத்தெட்டு பிள்ளைகளில் யாரைச் சோகமாக நிறுத்திப் படம் எடுப்பது? அந்தப் பிள்ளை பத்து வருடம் கழித்து லண்டனுக்கே படிக்கப் போய், அந்தப் பப்பில் தன் முகத்தைப் பார்த்தால்?

இது எங்கள் கற்பனைப் பயம் அல்ல. பிரிட்டன் இதைச் செய்து பார்த்த நாடு. மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்காக 1952-இல் தொடங்கிய 'ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி' கடை வாசல்களில் ஆளுயர உண்டியல் பொம்மைகளை நிறுத்தியிருந்தது. காலில் இரும்புக் கவசம் மாட்டிய சிறுமி, ஒரு கையில் கரடி பொம்மை, மறு கையில் உண்டியல். ஒரு தலைமுறைக் குழந்தைகள் அந்தப் பொம்மையைப் பார்த்து வளர்ந்தார்கள். அந்த அமைப்பின் பெயரில் இருந்த சொல் பள்ளிக்கூட மைதானங்களில் வசவாக மாறியது. 1994-இல் அமைப்பு தன் பெயரையே மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. அதற்கு முன்பே, 1990-லும் 1992-லும், தொலைக்காட்சியில் ஊனமுற்றோரைக் காட்டி நாள் முழுக்க நிதி திரட்டிய நிகழ்ச்சியை ஊனமுற்றோரே முற்றுகையிட்டார்கள். பரிதாபத்தின்மேல் மூத்திரம் பெய்வோம் என்ற பொருளில் வாசகம் அச்சிட்ட சட்டை போட்டு வந்தார்கள். 1992-க்குப் பிறகு அந்த நிகழ்ச்சி நடக்கவில்லை. தனக்காகத் திரட்டப்படும் பணத்தைத் தடுத்து நிறுத்த ஒரு சமூகம் சக்கர நாற்காலியில் வந்து நிற்கிறது என்றால், அந்தப் பணம் அவர்களிடமிருந்து எதைப் பிடுங்கியிருக்க வேண்டும்!

படம் தர முடியாது என்று சொல்லிவிட்டோம்.

இரண்டாவது இடம், தோழர் வேலை பார்க்கிற அதே உணவகம். முதலாளி நம் ஊர்க்காரர். கல்லாவில் ஏற்கெனவே ஒரு கோயில் உண்டியல் உண்டு. பெட்டி வைக்கலாம் என்றார், படமும் கேட்கவில்லை. ஆனால் நாங்கள் அனுப்பிய வாசகத்தில் இருந்த 'தலித் பிள்ளைகள்' என்பதை 'ஏழைப் பிள்ளைகள்' என்று மாற்றச் சொன்னார். "சாப்பிடற இடத்துல எதுக்குப்பா சாதிப் பேச்சு?"

ஒருவருக்கு எங்கள் முகம் வேண்டும், பெயர் எதுவானாலும் சரி. இன்னொருவருக்கு எங்கள் பெயர் மட்டும் வேண்டாம். காசு கொடுக்க இருவருமே தயார்.

'ஏழை' என்று போட்டால் என்ன குறைந்துவிடும் என்று எங்களுக்குள்ளும் சிலர் கேட்டார்கள். எங்கள் பிள்ளைகள் ஏழைகள் என்பதால் மட்டும் பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் உட்காரவில்லை. வறுமை என்று எழுதினால் யாரும் குற்றவாளி இல்லை, விதி என்று போய்விடலாம். சாதி என்று எழுதினால் அதைச் செய்கிறவர் ஒருவர் இருந்தாக வேண்டும். முதலாளிக்கு உறுத்தியது அதுதான்.

இந்த வாக்குவாதம் புதிதல்ல, தோழர்களே. பூனா ஒப்பந்தத்தை அடுத்து 1932-இல் காந்தி ஹரிஜன சேவக சங்கத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு நாடு முழுக்கப் பயணம் போய் நிதி திரட்டினார். பெண்கள் வளையலைக் கழற்றிக் கொடுத்தார்கள். கிணறும் பள்ளியும் உபகாரச் சம்பளமும் மட்டும் போதாது, தெருவிலும் குளத்திலும் உரிமையை நிலைநாட்டப் போராடு என்று அம்பேத்கர் அந்தச் சங்கத்துக்குத் தொடக்கத்திலேயே எழுதினார். அது நடக்கவில்லை, அவரும் விலகினார். நிர்வாகத்தில் தீண்டப்படாதவர்களுக்கு இடம் கேட்டபோது கிடைத்த பதிலின் சாரம்: இது கடன்பட்ட சாதி இந்துக்கள் செய்யும் பிராயச்சித்தம், நடத்த வேண்டியவர்களும் அவர்களே. கடன் கொடுத்தவனுக்குக் கணக்குப் புத்தகத்தைக் காட்டாத கடனாளியை நாம் வேறெங்கும் பார்த்திருக்கிறோமா? உண்டியலில் எந்தப் பெயர் என்பதும், சாவி யார் கையில் என்பதும் ஒரே கேள்வி.

சாவி என்றதும் சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். வெளிநாட்டுத் தோழர்கள் பலர் இதில் விவரம் தெரியாமல் மாட்டுகிறார்கள். இந்தியாவில் வெளிநாட்டு நன்கொடை பெற எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு விதி இன்னும் இறுகிவிட்டது. புதிதாகப் பதிவு கேட்கும் அமைப்பு முந்தைய மூன்று ஆண்டுகளில் பொதுவாக 15 லட்சம் ரூபாயாவது செலவழித்திருக்க வேண்டும். பதிவுள்ள பெரிய அமைப்பு தான் வாங்கியதைச் சிறிய அமைப்புக்குப் பகிர்ந்து தரவும் முடியாது. ஆக, எங்களைப் போல் வாடகைத் திண்ணையில் நடக்கும் படிப்பகத்துக்கு லண்டன் பெட்டியின் ஒரு பென்னிகூடச் சட்டப்படி வந்து சேராது. "என் அக்கவுண்டுல போட்டு அனுப்பிடறேன்க்கா" என்றார் தோழர். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர் தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பலாம், அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் பப்பில் பத்துப் பேர் போட்ட காசு அவருடைய சேமிப்பு அல்ல. வேண்டாம் என்றோம். தலித் அமைப்பின் கணக்கில் ஒரு சின்னக் கீறல் கிடைக்காதா என்று காத்திருப்பவர்கள் நிறைய.

இப்போது எங்கள் தவறுக்கு வருகிறோம். 'தலித்' என்ற சொல்லை எடுக்கவே கூடாது என்று மூன்று வாரம் அவரை நெருக்கினோம். "முதலாளியிடம் மறுபடி பேசுங்கள், விட்டுக்கொடுக்காதீர்கள்" என்று இங்கிருந்து நீளநீளமாகக் குரல்பதிவு அனுப்பினோம். ஒருநாள் இரவு, வேலை முடிந்து பேருந்தில் போய்க்கொண்டே அவர் சொன்னார். அந்தச் சமையலறையில் யாருக்கும் அவர் சாதி தெரியாது. ஊர் எது, தெரு எது என்று கேட்கும்போதெல்லாம் பக்கத்து டவுனின் பெயரைச் சொல்லித் தப்பித்து வருகிறார். அறையில் கூடத் தங்கியிருப்பவர்களும் அதே சமையலறை ஆட்கள். "பெட்டிய நான் கொண்டுபோய் வெச்சா, அன்னிக்கே எல்லாம் தெரிஞ்சிடும்க்கா. அப்புறம் ரூமும் போயிடும்."

எங்களுக்கு வாய் அடைத்துவிட்டது. சமூகவியல் பட்டம் எங்களிடம் இருக்கிறது. அடையாளத்தை மறைத்து வாழ்வது பற்றித் தேர்வே எழுதியிருக்கிறோம். அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டிய கை யாருடையது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. விட்டுக்கொடுக்காதே என்று ஐயாயிரம் மைல் தள்ளி இருந்து சொல்வது சுலபம்.

அவர் பயத்துக்கு அந்த நாட்டுச் சட்டமும் ஒரு காரணம். 2010-இன் சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்க்க 2013-இல் நாடாளுமன்றம் வழி செய்தது. 2018-இல் அரசு பின்வாங்கி, நீதிமன்றத் தீர்ப்புகளே போதும் என்றது. 2015-இல் இந்தியாவிலிருந்து கூட்டிப்போகப்பட்ட வீட்டுவேலைப் பெண் ஒருவர் தீர்ப்பாயத்தில் வென்று 1,80,000 பவுண்டுக்கு மேல் பெற்றார் என்பது உண்மை. அத்தனை தூரம் வழக்கு நடத்த, அறை போய்விடுமோ என்று பயப்படும் சமையல்காரரால் முடியுமா?

ஆகவே முடிவை மாற்றினோம். உணவகத்தில் பெட்டி வேண்டாம். பப்பில் வைக்கலாம், ஆனால் அதை எடுத்துப்போக வேண்டியவர் அவர் அல்ல. பிரிட்டனிலேயே பிறந்து வளர்ந்த, தன் சாதியைச் சொல்லிக்கொள்ளத் தயங்காத ரவிதாசியர் சமூகத் தோழி ஒருவர் பொறுப்பேற்றுக்கொண்டார். பணம் இங்கே வராது. சாதிப் பாகுபாட்டுக்கு எதிராக அங்கேயே வேலை செய்கிற, அங்கே முறையாகப் பதிவான அமைப்புக்குப் போகும். இரண்டு பேர் சேர்ந்து திறந்து எண்ணுவார்கள். சமையலறையில் ஊர்ப்பெயரை மாற்றிச் சொல்லும் இன்னொரு பிள்ளைக்கு அந்தக் காசு என்றாவது வக்கீல் கட்டணமாகட்டும். எங்கள் மின்கட்டணத்தை வழக்கம்போல் நாங்களே திரட்டிக்கொள்கிறோம்.

பெட்டியில் படம் இல்லை. 'லண்டனிலும் சாதி இருக்கிறது' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, கீழே பதிவு எண். மேலாளருக்கு இன்னும் திருப்தி இல்லை, இதற்கு யார் காசு போடுவார்கள் என்கிறார். இப்போது நிறையப் பேர் அட்டையைத் தட்டித்தான் பணம் கட்டுகிறார்கள், சில்லறையே குறைவு என்பதும் உண்மைதான். மூன்று மாதம் கழித்துத் திறந்தபோது இருபத்துமூன்று பவுண்டு சொச்சமும் இரண்டு யூரோ காசும் ஒரு சட்டைப் பொத்தானும் இருந்தன. வாடிக்கையாளர் சிலர் சாதி என்றால் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். மேலாளருக்குச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த முறை வரும்போது அவர்களுக்குச் சொல்லிவிட்டுப் போகிறேன் என்றிருக்கிறார் தோழி.