உப்பு வரியும் நோட்டு வரியும்

தம்பி!

மரக்காணத்து உப்பளத்தைப் பார்த்திருப்பாய். கடலோரத்து உவர்நீரைப் பாத்தியிலே பாய்ச்சி, கதிரவன் காய்ச்சக் காத்திருந்து, கால் வெடிக்க நின்று, வெண்குன்றாய் வாரிக் குவிக்கிறான் பாட்டாளி. அந்த உப்புக்கு வெள்ளையன் வரி போட்டான். வரி தெரிந்தது, வாங்குபவன் தெரிந்தான், எதிர்ப்பும் எழுந்தது. 1930-ல் தண்டியிலும் வேதாரண்யத்திலும் உப்பெடுத்துச் சிறை புகுந்தனர். 1947-ல் வரி ஒழிந்தது.

ஆனால் தம்பி, அதனினும் கொடிய வரியொன்றை அதே வெள்ளையன் வாங்கினான். மசோதா இல்லை, தண்டல்காரன் இல்லை, இரசீது இல்லை. நோட்டு அச்சடித்தே வாங்கினான்!

எப்படி என்கிறாயா? கேள்.

1935 ஏப்ரல் 1-ல் பிறந்தது ரிசர்வ் வங்கி. பெயர் இந்தியாவுடையது, மூலதனம் 5 கோடி ரூபாயோ தனியார் பங்குதாரருடையது, முதல் கவர்னர் ஆஸ்போர்ன் ஸ்மித். நோட்டுக்கு ஈடாகத் தங்கம் மட்டுமல்ல, ஸ்டெர்லிங் பத்திரமும், அதாவது இலண்டன் தரும் கடன் சீட்டும் இருக்கலாம் என்றது சட்டம். அச்சீட்டுக்கு மேல்வரம்பு வைக்கவில்லை!

1939-ல் போர் மூண்டது. படைக்குத் துணி, தோல், தானியம், எஃகு அனைத்தும் இங்கே வாங்கினர். இங்கிலாந்து தன் பங்குக்குரிய விலையை இலண்டனில் கணக்கெழுதி வைத்தது. அந்தக் கணக்கைக் காட்டி இங்கே நோட்டு அச்சாயிற்று. சரக்கு கப்பலேறிற்று, காகிதம் கடைவீதிக்கு வந்தது!

1940-ல் வெள்ளி ரூபாயில் பன்னிரண்டில் பதினொரு பங்காயிருந்த வெள்ளி, பாதியாயிற்று. ஒரு ரூபாய்க் காகித நோட்டும் மீண்டும் வந்தது. 1939-ல் ஏறத்தாழ 180 கோடி ரூபாய் நோட்டு புழங்கிய நாட்டில், 1945-ல் 1,100 கோடிக்கு மேல்! விலைவாசி இருமடங்குக்கு மேல் ஏறிற்று. கூலி ஏறியதா அப்படி? 1943-ல் வங்கத்துப் பஞ்சம். 15 லட்சம் பேர் மாண்டனர் என்றது அரசு அமைத்த விசாரணைக் குழுவே. நோட்டுப் பெருக்கம் ஒன்றே காரணமென்று சொல்லேன். ஆனால் ஏழையின் கைக்கு எட்டாத உயரத்துக்கு அரிசியை ஏற்றிவைத்த கைகளில் அதுவும் ஒன்று.

1949 சனவரி 1-ல் வங்கி நாட்டுடைமையாயிற்று. நல்லது. இலண்டன் பிடி விட்டது. மக்கள் பிடிக்கு வந்ததா?

2016 நவம்பரை நினைத்துப் பார். பருவமழையில் உப்பளம் ஓய்ந்து, சேர்த்துவைத்த காசில் சோறுண்ணும் மாதம். நவம்பர் 7-ல் டில்லி யோசனை அனுப்பிற்று. மறுநாள் மாலை வங்கிக்குழு கூடித் தலையசைத்தது. அன்றிரவே 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாதென அறிவிப்பு. புழக்கத்தின் மதிப்பில் 86 விழுக்காடு! 1946-லும் 500, 1,000, 10,000 ரூபாய் நோட்டுகள் செல்லாதாயின. அவற்றை அந்நாள் ஏழை கண்ணால் கண்டதில்லை. 2016-லோ, அன்றாடங்காய்ச்சியின் மடியிலிருந்ததே 500 ரூபாய்தான். செல்லாதாக்கிய நோட்டில் 99 விழுக்காடு வங்கிக்கே திரும்பிற்று. 2023-ல் உச்சநீதிமன்றத்தில் நால்வர் அதைச் செல்லுமென்றனர். நீதிபதி நாகரத்னா மாறுபட்டு, நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே செய்திருக்க வேண்டுமென்றார்.

நம் கோரிக்கையும் அதுவே. வரி போட மன்றத்தின் ஒப்புதல் வேண்டுமெனில், வாழ்நாள் சேமிப்பைக் காகிதமாக்க வேண்டாமா?

ஆகவே தம்பி, தெருமுனைக் கூட்டத்திலே விலைவாசியைப் பற்றிப் பேசும்போது, "விலை ஏறிற்று" என்பதோடு நிறுத்தாதே. யார் அச்சடித்தார், யாரைக் கேட்டு அச்சடித்தார் என்று கேள். கண்ணுக்குத் தெரிந்த வரியை எதிர்த்து அன்று நடந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத வரியை முதலில் மக்களின் கண்ணுக்குக் காட்ட வேண்டும். அந்தப் பணி உன்னுடையது!