சிவக்காத தக்காளியும் பாடம்தான்

தெப்ராவில் எங்கள் தாமானில் எல்லாம் வரிசை வீடுகள். கார் நிறுத்தும் இடம் போக வாசலில் மிஞ்சுவது நாலைந்து அடி நிலம். அதிலும் பாதி சிமெண்டு. இருந்தாலும் கறிவேப்பிலையும் மிளகாயும் இல்லாத வாசலைப் பார்ப்பது அரிது. 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து எல்லாரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது தக்காளியும் அந்த வரிசையில் சேர்ந்துகொண்டது. அன்று முதல் நான் அடிக்கடி கேட்கும் கேள்வி இதுதான்: "டீச்சர், செடி நல்லா வளருது, காயும் இருக்கு. ஏன் சிவக்கவே மாட்டேங்குது?"

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு செடி இருந்தால் அதைப் பிடுங்கி எறிவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். இதே கேள்வி என் வகுப்பறைக்குள்ளும் ஒருமுறை வந்தது.

படிவம் 5 மாணவி ஒருத்தி, சமையலுக்கு வாங்கிய தக்காளியின் விதைகளைக் காயவைத்துப் பைகளில் நட்டாள். ஒன்பது செடிகள் பிழைத்தன. நாள்தோறும் நீரூற்றி, உயரம் அளந்து, அறிக்கையும் எழுதினாள். அதன் கடைசிப் பக்கத்தில் பழத்தின் நிறம் என்ற இடத்தில் ஒன்பது செடிகளுக்கும் 'மேரா' என்று எழுதியிருந்தாள். நான் அந்தச் செடிகளை நேரில் பார்த்திருந்தேன். ஏழு செடிகளில் பழம் ஆரஞ்சு நிறம். இரண்டு செடிகளில் காய் பச்சையாகவே நெடுநாள் நின்று, பிறகு வெளிர் மஞ்சளானது. ஒன்றுகூடச் சிவப்பு இல்லை.

ஏன் இப்படி எழுதினாய் என்று கேட்டேன். "புத்தகத்துல சிவப்புன்னுதான் இருக்கு டீச்சர். என் செடிதான் தப்பு" என்றாள்.

அவள் செடிகளில் எந்தத் தப்பும் இல்லை. முதலில் ஆரஞ்சுப் பழங்களைப் பார்ப்போம். தக்காளி பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயுவைத் தானே உண்டாக்குகிறது. அதன் தூண்டுதலால் பச்சையம் சிதைகிறது, லைக்கோபீன் என்ற சிவப்பு நிறமி சேர்கிறது. லைக்கோபீன் நன்றாக உருவாவதற்கு ஏற்றது ஏறத்தாழ 20 முதல் 25 டிகிரி செல்சியஸ். வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் அதன் உற்பத்தி வெகுவாகக் குறைந்துவிடும். ஆனால் மஞ்சள், ஆரஞ்சு நிறம் தரும் கரோட்டீன் தொடர்ந்து உருவாகும். நம் ஜொகூரில் பகல் வெப்பம் பெரும்பாலான நாள்களில் 30 டிகிரிக்கு மேல். நேரடி வெயில் படும் காயின் தோல் காற்றைவிடவும் சூடாகிறது. ஆகவே ஆரஞ்சுத் தக்காளி தெப்ராவ் வெயில் எழுதிய விடை. கடையில் நாம் வாங்கும் சிவப்புத் தக்காளி பெரும்பாலும் கேமரன் மலையிலிருந்து வருகிறது. அந்தக் குளிரில் சிவப்பது இயல்பு.

இதே வெப்பம்தான் பூக்கள் உதிர்வதற்கும் பெரிய காரணம். இரவிலும் சூடு தணியாவிட்டால் மகரந்தம் வலுவிழக்கிறது. செடி ஆளுயரம் வளர்ந்தும் நாலு காய்தான் என்றால் உங்கள் கையைக் குறை சொல்லாதீர்கள். சமவெளிச் சூட்டைத் தாங்கும் தக்காளி வகைகளுக்காக நம் நாட்டில் மார்டியும், தைவானில் 1971-இல் தொடங்கப்பட்ட உலகக் காய்கறி மையமும் பல்லாண்டுகளாக உழைத்திருப்பதே இது எவ்வளவு பெரிய சிக்கல் என்பதற்குச் சான்று.

இனி, மஞ்சளாகவே நின்ற அந்த இரண்டு செடிகள். அவற்றுக்கு வெயில் மட்டும் காரணமாக இருக்க முடியாது. ஒரே இடம், ஒரே மண், ஒரே வெயில் என்றால் ஒன்பதும் ஒரே மாதிரி இருந்திருக்க வேண்டும். இங்கேதான் மரபணுவைச் சந்தேகிக்க வேண்டும். 'ரின்' என்று அழைக்கப்படும் ஒரு மரபணு மாற்றத்தை அறிவியலாளர்கள் 1968-இல் விவரித்தார்கள். தாய், தந்தை இரு வழியிலும் அது வந்து சேர்ந்த செடியின் காய் சிவப்பதே இல்லை. மெல்ல எலுமிச்சை மஞ்சளாகி நின்றுவிடும். ஒரு வழியில் மட்டும் வந்தால் பழம் சிவக்கும், ஆனால் சீக்கிரம் அழுகாது. கடையில் பல நாள் தாங்க வேண்டிய பல கலப்பின வகைகள் இந்த வழியில்தான் உருவாக்கப்பட்டன. அப்படிப்பட்ட பழத்தின் விதையை நட்டால், மெண்டலின் கணக்குப்படி நான்கில் ஒரு செடி சிவக்காது. ஒன்பதில் இரண்டு என்பது அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஒன்பது செடிகளை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. நாற்பது செடி வேண்டும். ஆனால் படிவம் 5 உயிரியலில் பட்டாணியை வைத்து மனப்பாடம் செய்யும் பாடம் அவள் வீட்டு வாசலிலேயே காய்த்துத் தொங்கியிருக்கலாம். அதைத்தான் அவள் 'மேரா' என்ற ஒரே சொல்லால் அழித்துவிட்டாள்.

அவளை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆசிரியர் பயிற்சியில் இருந்தபோது நானும் ஊசல் சோதனையின் அளவீட்டைப் புத்தக எண்ணுக்கு ஏற்றபடி திருத்தி எழுதியவள்தான். இன்று விடைத்தாளைத் திருத்தும் எங்கள் கைகளும் 'சரியான' விடையைத் தேடியே பழகிவிட்டன. பார்த்ததை எழுதினால் மதிப்பெண் போய்விடும் என்ற பயத்தை நாம்தான் பிள்ளைகளுக்குக் கற்றுத் தருகிறோம். எதிர்பார்த்தது நடக்காத இடத்தில்தான் அறிவியலே தொடங்குகிறது. அந்த இடத்தை மறைக்கச் சொல்லிவிட்டுப் பிறகு நம் பிள்ளைகளுக்கு ஆய்வு மனம் இல்லை என்று வருந்துவதில் என்ன நியாயம்?

தக்காளியே இதற்கு நல்ல சாட்சி. தமிழ்நாட்டில் பெயர் பெற்ற பி.கே.எம்.1 என்ற தக்காளி, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் அண்ணஞ்சி என்ற உள்ளூர் வகையிலிருந்து மரபணு மாற்றம் தூண்டி எடுக்கப்பட்டது. அதன் காயில் காம்பருகே அடர்பச்சைத் தோள் தெரியும். அப்படிப்பட்ட தோளை அழகுக் குறை என்று எண்ணி, ஒரே சீராக நிறம் மாறும் வகைகளையே உலகெங்கும் பல்லாண்டுகள் தேர்ந்தெடுத்து வந்தார்கள். அந்தப் பச்சைத் தோளுக்குக் காரணமான மரபணு பழத்தில் சர்க்கரை சேரவும் உதவுகிறது என்று 2012-இல் தெரியவந்தது. நிறத்துக்காகச் சுவையை இழந்திருக்கிறோம்!

சரி, உங்கள் வீட்டுச் செடிக்கு என்ன செய்யலாம்? வெயில் படட்டும் என்று இலைகளைக் கிள்ளாதீர்கள். பழுக்கக் காய்க்கு வெயில் தேவையில்லை. இலை நிழல்தான் நல்லது. காயின் அடியில் இலேசாக நிறம் மாறியதும் பறித்து, வீட்டில் குளிர்ச்சியான மூலையில் வையுங்கள். குளிர்பதனப் பெட்டிக்குள் வேண்டாம். அங்கே பழுப்பது நின்று சுவையும் கெடும். கார்பைடு கல்லைத் தொடவே தொடாதீர்கள். அதில் ஆர்சனிக் போன்ற நச்சுகள் கலந்திருக்கக்கூடும்.

உங்கள் பிள்ளையிடம் ஒரு சோதனையும் கொடுங்கள். சிவக்காத செடியின் முற்றிய காய் ஒன்றையும், மற்றொரு செடியின் முற்றிய காய் ஒன்றையும் தனித்தனிக் காகிதப் பையில் பழுத்த வாழைப்பழத்தோடு போட்டு, இரவில் குளிர்சாதனம் ஓடும் அறையில் வைக்கட்டும். வாழைப்பழமும் எத்திலீன் வெளிவிடும். இரண்டும் சிவந்தால் வெயில்தான் காரணம். இரண்டு வாரமாகியும் ஒன்று மட்டும் மஞ்சளாகவே நின்றால் மரபணுவைச் சந்தேகிக்கலாம். நாள்தோறும் நிறத்தை எழுதி வைக்கட்டும். என்ன தெரிகிறதோ அதை மட்டும்.

அந்த மாணவியிடம் அறிக்கையைத் திருப்பிக் கொடுத்து, கடைசிப் பக்கத்தை மறுபடி எழுதச் சொன்னேன். "ஏழு ஆரஞ்சு, இரண்டு மஞ்சள். காரணம் இன்னும் தெரியவில்லை" என்று எழுதி வந்தாள். அந்த ஆண்டு நான் படித்த அறிக்கைகளில் அதற்குத்தான் முழு மதிப்பெண் கொடுத்தேன்.